எக்கோ ஏரியில் தொடங்கி இரண்டு இரவுகள்: டெசொலேஷன் மலைக்குக் குடும்பத்தோடு போக

கலிபோர்னியாவின் ஃபோல்சத்தில் எங்கள் வீட்டுக் குழாயைத் திறந்தால் வருவது அமெரிக்கன் ஆற்றுத் தண்ணீர். அந்த ஆற்றின் தென்கிளையை ஒட்டியேதான் ஐம்பதாம் நெடுஞ்சாலை தாஹோ ஏரிப் பக்கம் ஏறுகிறது. ஸ்ட்ராபெரி தாண்டி ட்வின் பிரிட்ஜஸ் வரும்போது இடது கைப் பக்கம் நிமிர்ந்து பாருங்கள். சாம்பல் நிறப் பாறைச் சரிவில் வெள்ளையாக ஓர் அருவி விழும். ஹார்ஸ்டெயில் ஃபால்ஸ். அந்த அருவிக்கு மேலே, சாலையிலிருந்து கண்ணுக்கே தெரியாத இடத்தில், அலோஹா ஏரி இருக்கிறது. சுமார் 8,100 அடி உயரம். அதைச் சுற்றியுள்ள காட்டுக்கும் பாறைக்கும் டெசொலேஷன் வில்டர்னஸ் என்று பெயர்.

நாங்கள் மூன்று பேர், நானும் கணவரும் மகளும், 2018 ஆகஸ்ட்டில் முதல்முறை அங்கே போய்த் தங்கினோம். 2021 தவிர ஒவ்வொரு கோடையிலும் போகிறோம். ஒவ்வொரு மே மாதமும் யாராவது ஒரு குடும்பம் போன் போட்டு, "அக்கா, எங்கே புக் பண்றது, என்ன சமைக்கிறது, கரடி வருமா?" என்று கேட்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு மணி நேரம் சொல்லிக்கொண்டிருப்பதை இந்த முறை எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. நடையைக் குறையுங்கள், இரவைக் கூட்டுங்கள். நம்மவர்கள் பெரும்பாலும் சனிக்கிழமை காலை கிளம்பி, ஒரே மூச்சில் ஏரி வரை ஏறி, படம் எடுத்து, ஒரு ராத்திரி குளிரில் கிடந்து, ஞாயிற்றுக்கிழமை மூட்டுவலியோடு இறங்குகிறார்கள். அடுத்த வருடம் கூப்பிட்டால் குழந்தைகள் வர மறுக்கிறார்கள். அரை நாளில் போய்விடக்கூடிய இடத்தில் கூடாரம் அடித்து, அங்கேயே இரண்டு ராத்திரி இருந்து பாருங்கள். முதல் நாள் ராத்திரி யாருக்குமே சரியாகத் தூக்கம் வராது. இரண்டாம் நாள் ராத்திரிதான் உடம்பு மலைக்குப் பழகும்.

இது என்ன மாதிரி இடம்

கார் நிறுத்தி, மேஜையும் குழாயும் இருக்கும் கேம்ப்கிரவுண்டை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். 1964ஆம் ஆண்டு வில்டர்னஸ் சட்டத்தின் கீழ் 1969இல் இதைப் பாதுகாத்து ஒதுக்கினார்கள். 63,960 ஏக்கர். உள்ளே சாலை கிடையாது, மோட்டார் கிடையாது, சைக்கிள்கூடக் கிடையாது. கழிப்பறை, குப்பைத்தொட்டி, மின்விளக்கு எதுவும் இல்லை. கைபேசி சிக்னலை நம்பவே வேண்டாம். வாஷோ பழங்குடி மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வாழ்ந்த மண் இது. தாஹோ என்ற பெயரே அவர்கள் மொழியில் ஏரி என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கூட்டிப்போவது நல்லது.

உள்ளே போக ஈகிள் ஃபால்ஸ், கிளென் ஆல்பைன், மீக்ஸ் பே, ரைட்ஸ் லேக் என்று பல வழிகள் உண்டு. முதல்முறை போகிறவர்களுக்கு நான் கை காட்டுவது எக்கோ ஏரி வழியைத்தான். காரணம் எளியது. கார் நிறுத்தும் இடமே சுமார் 7,400 அடியில் இருக்கிறது, அதனால் ஏற்றம் குறைவு. அப்புறம், கோடையில் கீழ் எக்கோ ஏரிக் கரையிலிருந்து மேல் எக்கோ ஏரியின் கடைசி வரை படகு போகும். அதில் ஏறினால் ஏறக்குறைய இரண்டரை மைல் நடை மிச்சம். சின்னப் பிள்ளைகளும் வயதானவர்களும் இருந்தால் இது எவ்வளவு பெரிய உதவி என்று போனவர்களுக்குத் தெரியும். ஒன்று, கோடை கடைசியில் தண்ணீர் மட்டம் இறங்கிவிட்டால் படகு நின்றுவிடும். கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கார் விஷயம் ஒரு வரியில்: ஐம்பதாம் சாலையில் எக்கோ சம்மிட் கணவாய்க்குச் சற்று முன்னால் ஜான்சன் பாஸ் ரோட்டில் இடது பக்கம் திரும்பி, அங்கிருந்து எக்கோ லேக்ஸ் ரோடு. ராத்திரி தங்குகிறவர்கள் மேல் பார்க்கிங்கில்தான் காரை விட வேண்டும். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே நிரம்பிவிடும்.

எப்போது போவது

ஜூன் மாதத்தில் மேலே பனி கிடக்கும். பனி அதிகம் விழுந்த வருடங்களில் ஜூலையிலும் பாதை பனிக்கு அடியில் இருக்கும். பனி உருகும்போது கொசு கிளம்பும். ஜூன் கடைசி முதல் ஜூலை நடுப்பகுதி வரை அந்தக் கொசு சும்மா விடாது, துணிக்கு மேலேயே குத்தும். தலையில் போடும் வலைத்தொப்பி சில டாலர்தான், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் முதல் இரண்டு வாரம் வரை எனக்குப் பிடித்த காலம். கொசு குறைந்திருக்கும், வானம் தெளிவாக இருக்கும். ஆனால் எங்கள் ஊரில் பள்ளி ஆகஸ்ட்டிலேயே திறந்துவிடுகிறது. அதனால் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு ஜூலை கடைசி வாரம்தான் தோது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அலோஹா முழுக்க இயற்கை ஏரி அல்ல. சின்னச் சின்னக் குளங்களாக இருந்ததை ஓர் அணை கட்டி ஒன்றாக்கியிருக்கிறார்கள். கோடை கடைசியில் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள், செப்டம்பரில் போனால் ஏரி குட்டை குட்டையாக வற்றித் தெரியும். நீல ஏரியில் நூற்றுக்கணக்கான பாறைத் தீவுகள் நிற்கும் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டுப் போகிறவர்கள் ஆகஸ்ட் நடுவுக்குள் போய்விடுங்கள்.

2021இல் ஏன் போகவில்லை என்றால், அந்த ஆகஸ்ட்டில் கால்டர் தீ வந்தது. ஆகஸ்ட் 14இல் பிடித்தது, 2,21,000 ஏக்கருக்கு மேல் எரிந்து, எக்கோ சம்மிட்டையும் தாண்டி தாஹோ பக்கம் வந்துவிட்டது. சவுத் லேக் தாஹோ ஊரையே காலி செய்தார்கள். கையில் பெர்மிட் வைத்துக்கொண்டு ஃபோல்சத்தில் ஜன்னலை மூடிக்கொண்டு இருந்தோம், வெளியே சாம்பல் விழுந்தது. அதனால் திட்டம் போடும்போதே மாற்று நாள் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முதல் நாள் காற்றின் தர அளவை (AQI) பாருங்கள். 150க்கு மேல் இருந்தால் நாங்கள் போவதில்லை. வீட்டில் ஆஸ்துமா இருந்தால் 100க்கே நிறுத்திவிடுங்கள்.

பெர்மிட்

பகலில் நடந்துவிட்டுத் திரும்புவதற்கே அனுமதிச்சீட்டு வேண்டும். கோடையில் முக்கியமான பாதை முகப்புகளில் அந்தப் படிவம் பெட்டியில் இருக்கும், இலவசமாக நீங்களே எழுதிக்கொள்ளலாம். ராத்திரி தங்குவதற்குத் தனி பெர்மிட், அதை ரிக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் எடுக்க வேண்டும். மே மாதக் கடைசியில் மெமோரியல் டே வார இறுதியிலிருந்து செப்டம்பர் முடியும் வரை ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று எண்ணிக்கைக் கட்டுப்பாடு உண்டு.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். மொத்த இடத்தையும் 45 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். நீங்கள் பதிவு செய்வது முதல் ராத்திரி எந்தப் பகுதியில் படுக்கப் போகிறீர்கள் என்பதைத்தான். அந்த முதல் ராத்திரியைக் கட்டாயம் அங்கேதான் கழிக்க வேண்டும். அடுத்த ராத்திரி எங்கே வேண்டுமானாலும் போகலாம். எல்லோரும் அலோஹா பகுதிக்கே முட்டி மோதுகிறார்கள், அது சீக்கிரம் தீர்ந்துவிடும். நான் எடுப்பது டாமராக் ஏரிப் பகுதி. படகு இறக்கிவிடும் இடத்திலிருந்து சுமார் ஒன்றரை மைல்தான். மரநிழல் இருக்கிறது, காற்று மறைப்பும் உண்டு. அலோஹா கரையோ வெறும் பாறை, சாயங்காலம் காற்று பிடித்தால் கூடாரம் ராத்திரி முழுக்கப் படபடக்கும், யாரும் கண் மூட முடியாது. டாமராக்கில் படுத்து, மறுநாள் சின்னப் பையோடு அலோஹாவுக்குப் போய்வருவதுதான் நான் சொல்லும் திட்டம்.

நாங்கள் ஆளுக்கு ஓர் இரவுக்கு 5 டாலர் கணக்கில் கட்டினோம், பதிவுக் கட்டணம் தனி. ஒரு குழுவில் 12 பேருக்கு மேல் கூடாது. நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து போகிறீர்கள் என்றால் தலையை எண்ணிக்கொள்ளுங்கள். 12க்கு மேல் போனால் இரண்டு பெர்மிட் எடுத்துவிட்டு உள்ளே ஒன்றாகக் கூடாரம் அடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். அந்தக் கட்டுப்பாடே மண்ணும் புல்லும் மிதிபடாமல் இருக்கத்தான். செவ்வாய், புதன் கிழமை நாட்களில் இடம் எளிதாகக் கிடைக்கிறது. மூன்று நாள் லீவு போடுங்கள்.

தீ கூடாது

உள்ளே விறகுத் தீ அறவே கூடாது. எந்த மாதமும், எந்த ஏரிக்கரையிலும். கேஸ் அடுப்பு மட்டும் வைத்துக்கொள்ளலாம், அதற்கும் கலிபோர்னியா கேம்ப்ஃபயர் பெர்மிட் ஒன்று வேண்டும், இணையத்தில் இலவசம், சில நிமிட வேலை. காட்டுத்தீ அபாயம் அதிகமான நாட்களில் அடுப்புக்கும் கட்டுப்பாடு வரலாம், கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் போடிநாயக்கனூர். 2018 மார்ச்சில் குரங்கணி மலைத் தீயில் மலையேறப் போன பிள்ளைகள் இறந்தபோது எங்கள் தெருவே உறைந்துபோயிருந்தது. அதே வருடம் ஆகஸ்ட்டில் நாங்கள் மலைக்குப் போகிறோம் என்றதும் அம்மா போனில் சொன்னது ஒன்றுதான்: "தீப்பெட்டிய எடுத்துட்டுப் போகாத தாயி." அடுப்புக்கு ஏதாவது வேண்டுமே, லைட்டர் ஒன்று மட்டும் என் சட்டைப் பையிலேயே இருக்கும், பிள்ளைகள் கையில் தருவதில்லை. நம்மில் சிலருக்கு மலையில் கற்பூரம் ஏற்றிக் கும்பிடும் வழக்கம் உண்டு. அது வேண்டாம். கையெடுத்துக் கும்பிட்டால் போதும். அடுப்பை எப்போதும் வெறும் பாறையின் மேல், காய்ந்த ஊசியிலைகளைக் கையால் ஒதுக்கிவிட்டு வையுங்கள். பக்கத்தில் ஒரு பாட்டில் தண்ணீர் இருக்கட்டும்.

சாப்பாடு

8,000 அடிக்கு மேல் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, சுமார் 92 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். அதனால் துவரம்பருப்பு வேகவே வேகாது, பச்சரிசி வேக நெடுநேரம் ஆகும், கேஸ்தான் தீரும். சமையல் வேலையை வீட்டிலேயே முடித்துவிட்டு மேலே வெந்நீர் மட்டும் வைக்கும்படி திட்டமிடுங்கள். அப்படிச் செய்தால் மூன்று பேருக்கு இரண்டு ராத்திரிக்கு 230 கிராம் கேஸ் சிலிண்டர் ஒன்று தாராளம்.

எங்கள் வீட்டு முறை இது. மெல்லிய அவலை வெறும் வாணலியில் லேசாக வறுத்துக்கொள்ளுங்கள், கையில் நசுக்கினால் மொறுமொறுவென்று உடைய வேண்டும். தனியாக இரண்டு ஸ்பூன் எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, நிறைய வேர்க்கடலை, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, மஞ்சளும் பெருங்காயமும் போட்டு, கறிவேப்பிலை ஈரம் போய்ச் சருகாகும் வரை அடுப்பிலேயே விடுங்கள். ஈரம் இருந்தால் மூன்றாம் நாள் சிக்கு வாடை வந்துவிடும். ஆறியதும் அவலோடு உப்புச் சேர்த்துக் கலந்து, ஆளுக்கு ஒரு கப் வீதம் ஜிப் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். மேலே போய், பாத்திரத்தில் கொட்டி, அவல் நனையும் அளவு மட்டும் வெந்நீர் விட்டு, மூடி, ஒரு ஜாக்கெட்டில் சுற்றி ஐந்து நிமிடம் வையுங்கள். திறந்தால் பூப்போல இருக்கும். புளிக்காய்ச்சல் ஒரு குட்டி டப்பாவில் கொண்டுபோனால் அதிலேயே புளி அவல். ஆறு மைல் நடந்துவிட்டு வந்து, கல்லில் உட்கார்ந்து, குளிர் இறங்கும் நேரத்தில் அந்தப் பெருங்காய வாசனை வரும்போது என் மகள் சாப்பிடும் அளவை வீட்டில் நான் பார்த்ததே இல்லை.

வறுத்த சேமியா, ரவை, உடனடி நூடுல்ஸ் இவையும் சரிவரும். முதல் நாள் மதியத்துக்கு வீட்டிலிருந்தே புளியோதரையோ சப்பாத்தியோ கட்டிக்கொள்ளுங்கள். நடக்கும்போது கடலை மிட்டாய், பேரீச்சை. டீத்தூள், சர்க்கரை, பால்பவுடரை ஒன்றாகக் கலந்துவைத்தால் காலையில் ஒரு வேலை குறையும். முறுக்கு எடுப்பதானால் உடைத்து எடுங்கள், முழுசாக வைத்தால் டப்பாவில் இடமே இருக்காது.

கரடி டப்பா

எந்த டப்பா என்கிறீர்களா? கரடி திறக்க முடியாத கெட்டியான பிளாஸ்டிக் டப்பா. 2022 முதல் இங்கே ராத்திரி தங்குகிறவர்களுக்கு இது கட்டாயம். மரக்கிளையில் கயிறு கட்டித் தொங்கவிடுவது போதாது. இங்கே இருப்பவை கருங்கரடிகள். அவற்றுக்கு நம்மைவிட நம் சாப்பாட்டின் மேல்தான் கண். ஒரு முறை மனிதர் சாப்பாட்டைத் தின்று பழகிய கரடி திரும்பத் திரும்ப வரும், கடைசியில் அதைக் கொல்ல வேண்டிய நிலை வந்துவிடும். டப்பாவை ஒழுங்காக மூடுவது அந்தக் கரடியின் உயிருக்காகவும்தான்.

பெரிய அளவு டப்பா ஒன்று ஒருவருக்கு ஒரு வாரச் சாப்பாடு கொள்ளும் என்பார்கள். மூன்று பேர் மூன்று நாள் என்றால் எங்களுக்கு இரண்டு டப்பா தேவைப்படுகிறது. வாங்க விலை அதிகம், முகாம் சாமான் கடைகளில் வாடகைக்குக் கிடைக்கும். சாப்பாடு மட்டுமல்ல, வாசனை உள்ள எல்லாமே அதற்குள் போக வேண்டும்: பற்பசை, சன்ஸ்கிரீன், தேங்காய் எண்ணெய், உதட்டு மெழுகு, தைலம், குப்பை. பெருங்காயத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கூடாரத்துக்குள் ஒரு மிட்டாய்த் தாள்கூட இருக்கக் கூடாது, படுக்கும் முன் பிள்ளைகளின் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிடுங்கள். காரிலும் தின்பண்டம் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

வீட்டிலேயே ஒரு முறை எல்லாவற்றையும் அடைத்து, மூடி, திறந்து பழகுங்கள். எங்களுடைய டப்பாவில் இரண்டு புடைப்புகளை அழுத்திக்கொண்டே மூடியைத் திருக வேண்டும். குளிர்ந்த காலையில் பிளாஸ்டிக் விறைத்துப்போய் விரலுக்கு வசப்படாது. பழைய பிளாஸ்டிக் கார்டு ஒன்றை அந்த இடுக்கில் நுழைத்துத் திருகினால் உடனே திறக்கும். ராத்திரி டப்பாவைக் கூடாரத்திலிருந்து 100 அடி தள்ளி, சமதளத்தில், பாறை இடுக்கில் வையுங்கள். தண்ணீர் ஓரத்திலோ சரிவிலோ வைத்தால் கரடி உருட்டிவிட்டுப் போய்விடும், காலையில் சாப்பாடு ஏரியில் மிதக்கும். கரடியை நேரில் பார்த்தால் ஓடாதீர்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, கையைத் தூக்கி நின்று, பாத்திரத்தைத் தட்டிச் சத்தம் போடுங்கள். போய்விடும்.

படுக்கை

ஆகஸ்ட்டிலும் ராத்திரி 5 டிகிரி செல்சியஸுக்கு இறங்கும். முதல் வருடம் எல்லோருக்கும் நல்ல ஸ்லீப்பிங் பேக் எடுத்தோம், கீழே போடும் காற்று மெத்தைகளை ஒரு கடையில் வாடகைக்கு வாங்கினோம். அதில் ஒன்றில் ஊசித்துளை இருந்திருக்கிறது. ராத்திரி ஒரு மணிக்கு மகள் என்னை எழுப்பினாள். அவள் மெத்தை தட்டையாகிப் பாறையோடு ஒட்டிக்கிடந்தது, அவள் பல் கிட்டிப்போயிருந்தது. அவளை என் மெத்தைக்கு இழுத்துக்கொண்டு, இரண்டு பேரும் ஒரே பையைப் போர்த்திக்கொண்டு விடியும் வரை உட்கார்ந்திருந்தோம். அவள் கால்விரல்களை என் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தேன், வெகுநேரம் சூடேறவில்லை.

குளிர் மேலிருந்து வருவதைவிட, தரையிலிருந்து ஏறுவதுதான் அதிகம். யோகா பாய் போதாது. மெத்தைகளை, வாடகையோ சொந்தமோ, போவதற்கு முந்தைய வாரமே வீட்டுக் கூடத்தில் ஊதி, ராத்திரி முழுக்கக் கனமான பெட்டி ஏதாவது வைத்து, காலையில் பாருங்கள். கூடவே மெல்லிய ஃபோம் பாய் ஒன்று உபரியாக எடுங்கள். பஞ்சுத் துணி வேண்டாம், வியர்வையில் நனைந்தால் காயாது. பாலியெஸ்டரோ கம்பளியோ நல்லது. படுக்கும் நேரத்துக்கென்று உலர்ந்த சாக்ஸ் ஒரு ஜோடி தனியாக மூடிவைத்து, அதை எந்தக் காரணத்துக்காகவும் பகலில் தொடாதீர்கள்.

அந்த முதல் பயணத்தில் இன்னொன்றும் நடந்தது. ஃபோல்சம் கடல் மட்டத்திலிருந்து சில நூறு அடிதான். ஒரே நாளில் படகில்லாமல் நடந்து 8,100 அடியில் போய்ப் படுத்தோம். என் கணவருக்குத் தலைவலி, வாந்தி வருவது போன்ற உணர்வு. அன்றைக்கு அவருக்குச் சாப்பிட முடியவில்லை. உயரத்துக்கு உடம்பு பழக நேரம் கொடுக்காததன் விளைவு அது. இப்போது முதல் நாள் நடையைச் சிறியதாக்கிவிட்டோம், வழியெல்லாம் தண்ணீர் குடிக்கிறோம், பிறகு வரவில்லை. தலைவலி கூடிக்கொண்டே போனால் அடம்பிடிக்காமல் இறங்கிவிட வேண்டும்.

தண்ணீரும் ஒதுங்குவதும்

ஓடையில் எவ்வளவு தெளிவாக ஓடினாலும் நேரே குடிக்காதீர்கள், ஜியார்டியா என்ற கிருமி வயிற்றைப் புரட்டிவிடும். கையால் பிழியும் ஃபில்டர் ஒன்று போதும். கொதிக்கவைப்பதானால் இந்த உயரத்தில் மூன்று நிமிடம் கொதிக்க வேண்டும். செப்டம்பரில் போனால் ராத்திரி ஃபில்டரை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள், ஒருமுறை உறைந்தால் அது பயனற்றுப் போய்விடும், வெளியே பார்த்தால் தெரியாது.

ஒதுங்குவதைப் பற்றி யாரும் வெளிப்படையாகக் கேட்பதில்லை, ஆனால் எல்லோருக்கும் கவலை அதுதான். சின்ன மண்வெட்டி ஒன்று எடுங்கள். ஏரி, ஓடை, பாதை, கூடாரம் எல்லாவற்றிலிருந்தும் 200 அடி தள்ளி, அதாவது ஏறக்குறைய 70 பெரிய எட்டு நடந்து, ஆறிலிருந்து எட்டு அங்குல ஆழத்துக்குக் குழி தோண்டி, முடிந்ததும் மூடிவிடுங்கள். தண்ணீரால் கழுவும் நம் பழக்கம் இங்கே நல்லதே, பாட்டிலில் எடுத்துப் போய் அந்தக் குழியிலேயே கழுவிக்கொள்ளலாம், ஏரிக்கரையில் கூடாது. காகிதம் பயன்படுத்தினால் அதை ஜிப் பையில் போட்டுத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். மாதவிடாய் நாளாக இருந்தாலும் பெண்கள் தாராளமாகப் போகலாம். பயன்படுத்திய நாப்கினைப் புதைக்காமல், கறுப்பு உறையில் சுற்றி, குப்பையோடு கரடி டப்பாவுக்குள் வைத்துக் கொண்டுவந்துவிடுங்கள். பாத்திரமும் அப்படித்தான். ஏரியில் கழுவாதீர்கள், சோப்பு மக்கும் வகை என்று போட்டிருந்தாலும். அந்தத் தண்ணீரில் மஞ்சள்கால் தவளை ஒன்று வாழ்கிறது, அழிவின் விளிம்பில் உள்ள இனம்.

போவதற்கு முந்தைய நாள்

வீட்டிலோ நண்பர் யாரிடமோ ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: எந்த வழியில் நுழைகிறோம், எங்கே படுக்கிறோம், கார் எண், எத்தனை மணிக்குத் திரும்புவோம், அந்த மணி தாண்டினால் யாரைக் கூப்பிட வேண்டும். வரைபடத்தைக் கைபேசியில் இறக்கிவைத்தாலும் காகித வரைபடம் ஒன்றும் இருக்கட்டும். புதிய கைபேசிகள் சிலவற்றில் செயற்கைக்கோள் வழியாக அவசர உதவி கேட்கும் வசதி உண்டு, வீட்டிலேயே அதைத் திறந்து பார்த்துப் பழகுங்கள். பையின் எடை உங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம், பிள்ளைகளுக்கு அதில் பாதி. இரண்டு வாரம் முன்பிருந்தே அதே பையை மாட்டிக்கொண்டு ஃபோல்சம் ஏரிக் கரையில் நடந்து பாருங்கள், தோள்பட்டை எங்கே உரசுகிறது என்று அப்போதுதான் தெரியும்.

மூன்று நாள்

முதல் நாள் காலை பத்து மணிக்குள் படகில் ஏறிவிடுங்கள். இரண்டு பக்கமும் மரவீடுகள், படகு போகும் சத்தம், அப்புறம் அது திரும்பிப் போனதும் ஒரு நிசப்தம். அங்கிருந்து பாதை கல்லும் கரடுமுரடுமாக ஏறும், கணுக்கால் பிடிப்புள்ள ஷூ அவசியம். மதியத்துக்குள் டாமராக் வந்துவிடும். தண்ணீரிலிருந்து குறைந்தது 100 அடி தள்ளி, புல் இல்லாத மண் தரையில், முன்பே யாரோ தங்கிய இடமாகப் பார்த்துக் கூடாரம் அடியுங்கள்.

இரண்டாம் நாள் சின்னப் பையில் தண்ணீர், மழைக்கோட்டு, மதியச் சாப்பாடு மட்டும் எடுத்துக்கொண்டு ஏழு மணிக்குக் கிளம்புங்கள். ஹேபிரஸ் புல்வெளி வழியாக அலோஹா சுமார் மூன்று மைல். கடைசி வளைவு திரும்பியதும் வெள்ளைப் பாறையும் நீலத் தண்ணீரும் ஒரேயடியாகத் திறந்துகொள்ளும், எதிரே 9,983 அடி பிரமிட் சிகரம். அணையால் மூழ்கிச் செத்த மரங்கள் வெள்ளி நிறத்தில் தண்ணீருக்குள் நிற்கும், தொட்டுப் பார்த்தால் பட்டையே இல்லாமல் எலும்பு மாதிரி வழவழவென்று இருக்கும். பாறையில் வெயில் திருப்பி அடிக்கும், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் கழற்றாதீர்கள். பிற்பகலில் மேகம் கூடினால் இடி வரும் என்று அர்த்தம், இரண்டு மணிக்குள் மரங்கள் இருக்கும் பக்கம் திரும்பிவிடுங்கள்.

மூன்றாம் நாள் அவசரமே இல்லை. டீ போட்டுக் குடித்துவிட்டு, கூடாரம் இருந்த இடத்தில் ஒரு நூல்கூட விழுந்து கிடக்கிறதா என்று எல்லோரும் வரிசையாக நின்று தரையைப் பார்த்தபடி ஒரு முறை நடந்துவிட்டு இறங்குங்கள். படகு கடைசியாகக் கிளம்பும் நேரத்தைப் போகும்போதே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

வீட்டுக்கு வந்ததும் அலுப்பில் பையை அப்படியே மூலையில் போட்டுவிடாதீர்கள், கூடாரம் பூஞ்சை பிடித்துவிடும். நான் அன்று மாலையே மாடி கிராதியில் விரித்துக் காயப்போடுவேன். மறுநாள் காலை உதறினால் ஹெம்லாக் மரத்தின் குட்டிக் குட்டி ஊசியிலைகள் தரையில் உதிரும், மகள் அவற்றைப் பொறுக்கி அந்த வருடத்து பெர்மிட் தாளோடு ஒரு கவரில் போட்டுவைப்பாள்.